நவச்சாரமும் காலியமும்

மதுரை, மே 18

அன்புள்ள சேகர்,

கடிதம் வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததே, பெரிய நிம்மதி. சால்டரிங் புகைப் பக்கம் கொஞ்ச நாள் போகாதே. சொன்னால் கேட்கவா போகிறாய்!

இங்கே பேரன் ஆன்லைனில் 10 கிராம் காலியம் வாங்கியிருக்கிறான். 29.76 டிகிரியில் உருகும் உலோகம். மதுரை மே மாதத்துக்கு அடுப்பே தேவைப்படவில்லை, மேஜையிலேயே பாதரசம் மாதிரி ஆகிவிட்டது.

கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டு விட்டான். அப்பிக்கொண்டது. சாய்த்தால் வால் நீண்டு தடம் போட்டது. எனக்கு ஆச்சரியம். சொட்டை உருண்டையாகத் திரட்டும் பரப்பு இழுவிசை, காலியத்துக்குத் தண்ணீரைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு. முத்தாக உருண்டிருக்க வேண்டாமா? காரணம் ஆக்சைடு தோல். காற்றின் ஆக்சிஜன் பட்டதுமே உலோகத்தின் மேல் படிந்துவிடுகிறது. தடிமன் சில நானோமீட்டர்தான், ஆனால் கண்ணாடியைப் பிடித்துக்கொள்வது அதுதான்.

அப்புறம் வேறொரு தட்டை நனைத்து, ஈரம் காயுமுன் விட்டோம். வழுக்கிக்கொண்டு ஓடியது! நடுவில் மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறதே, தோல் கண்ணாடியைத் தொட்டால்தானே ஒட்டும்? ஆனால் முதலில் ஒட்டிய சொட்டின் மேல் எவ்வளவு தண்ணீர் ஊற்றியும் அது அசையவில்லை. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டிக்கியின் குழு இந்த நீர்ப்படல விஷயத்தை ஆராய்ந்திருக்கிறது. வளையும் மின்கருவிகளின் நுண்குழாய்களில் இந்த உலோகம் கறை விடாமல் ஓட வேண்டும் அல்லவா, அதற்கு உதவும்.

கடைசியில் நீர் கலந்த ஆசிட் ஒரு துளி விட்டேன். தோல் கரைந்து, சொட்டு சட்டென்று முத்தாகத் திரண்டது.

உடனே உன் அப்பா ஞாபகம். ஈயம் பூச, பித்தளை அண்டாவைக் காய்ச்சி, நவச்சாரம் (அம்மோனியம் குளோரைடு உப்பு) தூவி, பஞ்சால் வெள்ளீயத்தை ஒரே இழுப்பாக இழுப்பாரே! அந்த வெள்ளைப் புகை செய்ததும் இதே வேலைதான், ஆக்சைடைத் தின்றது. ஆனால் விளைவு நேர் எதிர். பித்தளையில் இருக்கும் செம்போடு வெள்ளீயம் கூடிக்கொள்ளும், அதனால் தோல் போனதும் பரவுகிறது. கண்ணாடியோடு காலியத்துக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை, தோல் போனதும் விலகுகிறது. "அழுக்கு இருந்தா ஒட்டாதுடா" என்பார் அப்பா. இங்கே அழுக்குதான் ஒட்டவைக்கிறது. பார்த்திருந்தால் என்னோடு சண்டைக்கு வந்திருப்பார்.

செம்புத் தகட்டில் ஆசிட் தடவி விட்டால் காலியமும் பரவுமாம். அதை இன்னும் செய்து பார்க்கவில்லை. அலுமினியப் பக்கம் மட்டும் விடமாட்டேன். உள்ளே இறங்கினால் பிஸ்கட் போல நொறுக்கிவிடும், வீட்டு ஜன்னலெல்லாம் அலுமினியம்.

அடுத்த மாதம் வரும்போது ஒரு துண்டு செம்புத் தகடு கொண்டு வா. அப்பாவின் டப்பாவில் நவச்சாரம் மிச்சம் இருந்தால் அதையும்.

அன்புடன்,
ராமு