புதுக் கிட்டாரில் கீறல்: அளவை விட இடம் முக்கியம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். புதிதாக வந்த கிட்டாரில் சின்னக் கீறல் இருக்கிறது, திருப்பி அனுப்பலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். 'வாசிக்க ஆரம்பித்தால் எப்படியும் கீறல் விழத்தான் போகிறது, பேசாமல் வைத்துக்கொள்ளுங்கள்' என்று தங்கள் கேள்வி–பதில் பகுதியில் பதில் வந்திருந்தது. பதில் பாதிதான் சரி. அவர் கீறல் என்று சொன்னது கீறல்தானா என்று யாரும் கேட்கவில்லை. என்னைப் போன்ற பழுதுபார்ப்பவரிடம் 'சும்மா ஒரு கோடுதான்' என்று வரும் கிட்டார்களில் சில உண்மையில் மரம் பிளந்தவை. 'பிளந்துபோச்சு' என்று பதறிக்கொண்டு கொண்டுவருவதில் சில, மரத்துக்கு இயல்பான வரி.

குறையே அல்லாதவற்றை முதலில் ஒதுக்கிவிடலாம். ஸ்ப்ரூஸ் மரத்து மேல்பலகையில் வரிகளுக்குக் குறுக்கே, ஏதோ பிராண்டியது போல நெளிநெளியாகத் தடங்கள் தெரியும். வெளிச்சத்தைச் சாய்க்கச் சாய்க்க அவை மினுங்கி மறையும். நகத்தை ஓட்டினால் தட்டாது. அது மரத்தின் உள்ளமைப்பு, அதற்காகவே தேடி வாங்குகிறவர்களும் உண்டு. மேல்பலகையின் நட்டநடுவில் நேர்கோடாக ஓடுவது இரண்டு பலகைகளை ஒட்டிய இணைப்பு. நெக்கின் (கிட்டாரின் கழுத்து) பின்புறம், ஹெட்ஸ்டாக் (தந்திகளை முறுக்கும் தலைப்பகுதி) தொடங்கும் இடத்தருகே சாய்வாகத் தெரியும் கோடும் பல கிட்டார்களில் ஒட்டுதான். நெக்கையும் ஹெட்ஸ்டாக்கையும் தனித்தனிக் கட்டையில் அறுத்து ஒட்டியிருப்பார்கள், இருபுறமும் ஒரே மாதிரி சுத்தமாக ஓடும். நெக்கின் முன்புறம் விரல் அழுத்தும் பலகையான ரோஸ்வுட் ஃப்ரெட்போர்டில் ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் பழுப்புமாக இருப்பதும் குறையல்ல. மீட்டும்போது மேல்பலகையில் கீறல் விழாமல் காக்கும் தகடான பிக்கார்டில் கீறல் தெரிந்தால், அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளில்தான் கீறலா என்று ஓரத்தைப் பாருங்கள். பார்த்தால் போதும். உரிக்க வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது.

இனி, உண்மையான கோடு. அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரு டார்ச்சைப் பலகையோடு பலகையாக, கிட்டத்தட்டப் படுக்கை வாக்கில் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடுபள்ளமெல்லாம் நிழலாக எழுந்து வரும். அகூஸ்டிக் (மின்சாரமில்லாமல் உடம்பே ஒலிக்கும் கிட்டார்) என்றால் டார்ச்சை ஒலித்துளைக்குள் விட்டு வெளியிலிருந்தும் பாருங்கள். எந்தக் கோட்டின் வழியாகவாவது வெளிச்சம் கசிந்தால் பேச்சே இல்லை, அது பிளவு. கசியவில்லை என்பதாலேயே பிளவில்லை என்று முடிவுகட்டவும் முடியாது. மேலே இருக்கும் பூச்சு வெளிச்சத்தை மறைக்கலாம். அப்போது இரண்டு அடையாளங்கள் உதவும். மரம் பிளந்தால் வரியோடு ஓடும். பூச்சு மட்டும் வெடித்திருந்தால் பெரும்பாலும் வரிக்குக் குறுக்கே, அல்லது சிலந்தி வலை மாதிரி போகும். கோட்டின் இருபுறமும் விரலால் மாறி மாறி லேசாக அழுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் இறங்கினாலோ 'டிக்' என்று சத்தம் வந்தாலோ உள்ளே மரமே விட்டிருக்கிறது.

இந்தச் சோதனையில் அதிகக் கவனம் வேண்டிய இடம் நட்டுக்குப் (ஹெட்ஸ்டாக் தொடங்கும் இடத்தில் தந்திகள் தங்கும் சிறு கட்டை) பின்புறம். கிப்ஸன் லெஸ் பால் பாணிக் கிட்டார்களில் ஹெட்ஸ்டாக் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். நெக் மஹோகனி. அந்த வளைவில் மரவரி குறுக்காக வெட்டுப்படுகிறது. போதாதற்கு, நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பியான டிரஸ் ராடைத் திருகுவதற்கான குழியும் அதே இடத்தில்தான். பெட்டி ஒருமுறை கீழே விழுந்தால், உடம்பு நின்றுவிட ஹெட்ஸ்டாக் மட்டும் முன்னே வீசி, அங்கே மயிரிழை போல விரிசல் விடும். பூச்சு உடையாமல் இருந்தால் வெறும் கோடாகத்தான் தெரியும். தந்திகளை ஏற்றி முறுக்கிய சில நாளில் சுருதி நிற்காது. அப்புறம் வாய் பிளக்கும். இங்கே கோடு தெரிந்து, அது ஒட்டின் கோடு என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால், எவ்வளவு சின்னதானாலும் திருப்பி அனுப்புங்கள். 'வெறும் பூச்சுதான்' என்று கடைக்காரர் சமாதானம் சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள்.

திருகாணி போட்டு நெக்கைப் பொருத்தும் கிட்டார்களில் நெக் உட்காரும் குழியின் ஓரத்தில் வரும் சிறு கோடு வேறு வகை. திருகாணியை இறுக்கும்போது குழியின் விளிம்பில் தடித்த பாலியெஸ்டர் பூச்சு வெடிப்பது ரொம்பச் சாதாரணம். மரம் நகராத வரை அது வாசிப்புக்குத் தீங்கில்லை.

அகூஸ்டிக்கில், மேல்பலகையில் தந்திகளைப் பிடித்திருக்கும் கட்டையான பிரிட்ஜைத் தனியாகப் பார்க்க வேண்டும். சாதாரணத் தாள் ஒன்றை எடுத்து, பிரிட்ஜின் பின் விளிம்போடு மெதுவாக ஓட்டுங்கள். முனை எங்கேயும் நுழையக் கூடாது. நூலளவு நுழைந்து தட்டி நின்றால், பிரிட்ஜை ஒட்டுவதற்காகப் பூச்சைச் சுரண்டிய விளிம்பில் விட்ட இடைவெளியாக இருக்கலாம். 2 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போனால் பசை விடத் தொடங்கிவிட்டது. பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை லேசாக உப்பியிருப்பது தந்தியின் இழுவையால் வருவது, அதைக் குறையாகச் சொல்ல வேண்டாம்.

ஃப்ரெட்போர்டில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்களின் முனைகள் ஓரத்தில் நீட்டிக்கொண்டு கையைக் கீறுகின்றன என்பது இன்னொரு புகார். செய்தவர் சரியாக அரம் போடவில்லை என்று நினைப்போம். பல நேரம் காரணம் வறட்சி: ஈரம் குறைந்த இடத்தில் கிடந்த ஃப்ரெட்போர்டு சுருங்குகிறது, உலோகம் சுருங்குவதில்லை. காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருக்கும் இடத்தில் ஓரிரு வாரம் வைத்தால் ஓரளவு சரியாகும், மிச்சத்தை அரத்தால் முடிக்கலாம். ஆனால் அகூஸ்டிக் கிட்டாரில் ஃப்ரெட் முனை நீட்டிக்கொண்டிருந்தால் மேல்பலகையும் அதே வறட்சியில்தான் கிடந்திருக்கிறது என்று பொருள். பிளவு தேடும் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.

மரம் நன்றாக இருக்கிறது, குறை பூச்சில்தான் என்று தெரிந்த பிறகே 'வைத்துக்கொள்ளலாமா' என்ற கேள்வி வர வேண்டும். இங்கே இடம்தான் எல்லாம். உடம்பின் பின்புறம் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கீறல், கிட்டாரை மாட்டிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. நெக்கின் பின்புறம், முதல் 5 ஃப்ரெட்டுக்குள், மிளகு அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தால் கட்டைவிரல் ஒவ்வொரு முறையும் அதில் தடுக்கும். பார்க்க முதலாவது பெரிசு. திருப்ப வேண்டியது இரண்டாவது. கண்ணை மூடிக்கொண்டு நெக்கை மேலும் கீழும் நாலு முறை தடவிப் பாருங்கள், விரல் சொல்லிவிடும். ஃப்ரெட்போர்டின் விளிம்பில் ஒட்டிய பைண்டிங் பட்டை விட்டிருப்பது, நட் பள்ளத்தின் ஓரம் உடைந்திருப்பது இவையும் அழகுக் குறை வகையில் சேராதவை.

வாசிப்பு சரியாக இருக்கிறதா என்பது அடுத்தது. நெக் வளைவு: முதல் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டி, உடம்போடு சேரும் ஃப்ரெட்டில் ஆறாவது தந்தியை அழுத்தினால், நடுவில் 7, 8-ஆம் ஃப்ரெட் அருகே தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் சந்து இருக்க வேண்டும். 12-ஆம் ஃப்ரெட்டில் தந்தியின் உயரம் எலெக்ட்ரிக்கில் 1.5 முதல் 2 மில்லிமீட்டர், ஸ்டீல் தந்தி அகூஸ்டிக்கில் 2 முதல் 2.5, நைலான் தந்திக் கிளாசிக்கலில் தடித்த பக்கம் 4, மெல்லிய பக்கம் 3 என்ற அளவில் இருந்தால் நல்லது. இந்த எண்கள் சற்று விலகியிருந்தால் பயப்பட வேண்டாம், செட்டப் (தந்தி உயரத்தையும் நெக் வளைவையும் சீராக்கும் வேலை) செய்தால் சரியாகிவிடும். செட்டப்பில் சரியாகாதவை வேறு: நெக் முறுக்கிக்கொண்டிருப்பது, டிரஸ் ராட் ஏற்கெனவே கடைசி வரை இறுக்கப்பட்டிருப்பது, பிரிட்ஜில் தந்தி தங்கும் சேடிலை முடிந்த மட்டும் பின்னுக்குத் தள்ளியும் 12-ஆம் ஃப்ரெட் சுரம் அதே இடத்து ஹார்மோனிக்கைவிட (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் சுரம்) உயர்ந்தே நிற்பது. நெக் முறுக்கலைக் கண்டுபிடிக்க, உடம்பின் அடிப்பக்கத்திலிருந்து ஹெட்ஸ்டாக் நோக்கி ஒற்றைக் கண்ணால் பாருங்கள். பிரிட்ஜும் நட்டும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும். வால்யூம் திருகில் கரகரப்பு இருந்தால் 20 முறை முழுசாகத் திருகிப் பாருங்கள், பாதிக் கேஸ் அங்கேயே முடிந்துவிடும்.

இவையெல்லாம் தேறி, கிட்டார் கைக்கும் காதுக்கும் பிடித்துப்போய், பின்புறம் ஒரு கீறல் மட்டும் என்றால், அதை மாற்றுவது புத்திசாலித்தனமல்ல என்பதே இந்தத் தொழிலில் இருப்பவன் கருத்து. ஒரே மாடல், ஒரே நிறம் என்றாலும் மரத்தின் எடை வேறு, நெக்கின் தடிமன் நூலிழை வேறு, ஃப்ரெட் வேலை வேறு. கீறல் இல்லாத மாற்றுக் கிட்டாரில் 14-ஆம் ஃப்ரெட் உயர்ந்து நின்றால் என்ன லாபம்? இந்த நேரத்தில் கேட்க வேண்டியது விலைக் குறைப்பு. திரும்பி வந்த கிட்டாரைக் கடை புதிது என்று மறுபடி விற்க முடியாது, அனுப்புக் கூலியும் சேரும். அதனால் பலர் ஒரு பகுதிப் பணத்தைத் திருப்பித்தர ஒத்துக்கொள்வார்கள். தொகையை நீங்களே சொல்லாமல் 'வைத்துக்கொள்கிறேன், எவ்வளவு குறைப்பீர்கள்' என்று கேளுங்கள். 'பி ஸ்டாக்' (சிறு குறையுள்ள சரக்கு) என்று சொல்லிக் குறைந்த விலைக்கு விற்றதாக இருந்தால் மட்டும் இந்தப் பேச்சுக்கு இடமில்லை, அந்தக் கீறலுக்கான தள்ளுபடியை விலையிலேயே ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள்.

கீறலே சாட்சியாக மாறும் சமயமும் உண்டு. உடம்பின் பின்புறம் நடுவில் பெல்ட் பக்கிள் உரசிய கூட்டக் கோடுகள், முதல் மூன்று ஃப்ரெட்டில் தந்தி அழுந்திய பள்ளம், தலை தேய்ந்த திருகாணிகள், ஏற்கெனவே உரிக்கப்பட்ட பிளாஸ்டிக் தாள். இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தால் அது பெரும்பாலும் ஏற்கெனவே பயன்படுத்திய கிட்டார். நன்றாக வாசித்தாலும், புதிது என்ற விலையைக் கொடுத்து அதை வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

முடிவெடுக்கும் வரை கைவைக்கக் கூடாதவை சில. பிளாஸ்டிக் தாள், அட்டைச் சீட்டு எதையும் எடுக்க வேண்டாம், எடுத்தால் மேலே சொன்னதுபோல உங்கள் கிட்டாரும் பயன்படுத்தியதாகத் தெரியும். தந்தி மாற்ற வேண்டாம், டிரஸ் ராடைத் திருக வேண்டாம், தோள்வார் மாட்டும் ஆணியைப் பொருத்தவே வேண்டாம். முக்கியமாகக் கீறலைத் தேய்க்க வேண்டாம். பளபளப்பில்லாத சாட்டின் ஃபினிஷில் பாலிஷ் போட்டால் அந்த இடம் மட்டும் பளபளக்கும், கீறலைவிட அசிங்கம். நைட்ரோசெல்லுலோஸ் கலந்த மெல்லிய நைட்ரோ லேக்கர் பூச்சு என்றால், குளிரில் வந்த பெட்டியை உடனே திறக்கவும் கூடாது. அறைச் சூட்டுக்கு மெல்ல வரட்டும், ஒரு இரவு மூடியே கிடக்கட்டும். சட்டென்று சூடேறினால் பூச்சு நீங்களே பார்க்க வெடிக்கும், அப்புறம் யார் குறை என்று வாதாட முடியாது.

வைத்துக்கொள்வது என்று தீர்ந்த பிறகு, பாலி (பாலியெஸ்டர், பாலியுரித்தேன்) பூச்சில் பொரிந்த சிறு பள்ளத்தை வீட்டிலேயே நிரப்பலாம். நிறம் போயிருந்தால் நெயில் பாலிஷால் தொட்டு, நன்றாகக் காயவிட்டு, சயனோஅக்ரிலேட் (சூப்பர் க்ளூ) பசையை ஊசி முனையில் ஒரு துளி விடுங்கள். காய்ந்ததும் இன்னொரு துளி. சுற்றுப்புறத்தைவிடச் சற்று மேடாக நிற்கும் வரை விட வேண்டும், ஒரே தடவையில் ஊற்றினால் உள்ளே குமிழி நிற்கும். ஒரு நாள் கழித்து, சவர பிளேடின் இரு ஓரத்திலும் டேப் ஒட்டி, நடுவில் மட்டும் கூர் தெரியும்படி விட்டு, மேட்டைச் சுரண்டுங்கள். டேப்பின் தடிமன் பக்கத்துப் பூச்சைக் காப்பாற்றும். பிறகு 1000, 1500, 2000 எண் உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, சிலிக்கான் இல்லாத பாலிஷால் முடிக்கலாம். நைட்ரோ பூச்சுக்கு இந்த வழி வேண்டாம். அதில் புது லேக்கரே பழையதோடு கரைந்து சேரும், தெரிந்தவரிடம் கொடுப்பது மேல்.

திருப்பி அனுப்புவதாக இருந்தால், பெட்டியைத் திறந்த நாளிலேயே கடைக்கு எழுதிவிடுங்கள். பெட்டியின் வெளிப்புறம், அடிபட்ட மூலை, சீரியல் எண், கீறலின் அருகே ஸ்கேல் வைத்து ஒரு படம், சாய்ந்த வெளிச்சத்தில் ஒரு படம் இருந்தால் போதும். அடிபட்டது வழியிலா, கடையிலேயேவா என்பது பெட்டியைப் பார்த்தால்தான் தெரியும், ஆகவே பெட்டியையும் ஸ்பாஞ்சையும் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். கட்டும்போது தந்திகளை ஒன்றிரண்டு சுரம் இறக்கினால் போதும், முழுசாக அவிழ்க்க வேண்டாம். ஹெட்ஸ்டாக்கின் அடியிலும் இருபுறமும் நெக்கின் கீழும் துணியோ குமிழித் தாளோ திணித்து, பெட்டியைக் குலுக்கினால் எதுவும் அசையாதபடி செய்யுங்கள். கிட்டாரை வைக்கும் கேஸின் உள்ளேயும் இதைச் செய்ய வேண்டும், கேஸுக்கும் அட்டைப்பெட்டிக்கும் நடுவிலும் செய்ய வேண்டும். பின்புறக் கீறலுக்காக அனுப்பிய கிட்டார் வழியில் ஹெட்ஸ்டாக் உடைந்து கடைக்குப் போய்ச் சேர்ந்தால், பணம் திரும்புமா என்பது நீங்கள் கட்டிய விதத்தைப் பொறுத்தது. கட்டி முடித்த பெட்டியையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கிட்டார் பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்