அக்கா, அந்த ஒழுங்கை வழியாகவும் நடக்கப்போகிறோம்

அன்புள்ள அக்காவுக்கு,

சென்ற கிழமை தொலைபேசியில் நீங்கள் கேட்டதற்கு மறுமொழி சொல்லாமல் பேச்சை முடித்துக்கொண்டேன். முடிவெடுத்த பிறகே பேசவேண்டும் என்று இருந்தேன், இப்போது எடுத்துவிட்டேன். வருகிற மாதத்திலிருந்து ஞாயிறு காலைகளில், கொழும்புக் கறுவாத் தோட்டத்தின் கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டு ஒரு சிறு கூட்டத்தோடு நடக்கப்போகிறேன். நகர மண்டபத்தில் தொடங்கி, விகாரமகாதேவி பூங்காவைக் கடந்து, நூதனசாலையில் நெடுநேரம் நின்று, பழைய குதிரைப் பந்தயத் திடல் வரை போய், வோட் பிளேஸ் பக்கமாகத் திரும்புவோம். நீங்கள் வாயால் சொல்லவும் விரும்பாத அந்த ஒழுங்கை வழியாகவும் போவோம்.

"அங்கை எங்கடை எண்டு என்ன கிடக்கு? அவையின்ரை வீடுகளைக் காட்டிறதுக்கு நீ ஏன் போய் நிக்கிறாய்?" என்று கேட்டீர்கள். அந்த ஊரில் எங்களுடையது என்று ஒன்று இருப்பதை எனக்கு முதலில் காட்டியவரே நீங்கள்தான் என்பதால், அந்தக் கேள்வி என்னை வேறு எவர் கேட்டிருந்தாலும் தைத்திருக்காத அளவுக்குத் தைத்தது. மன்னியுங்கள், பதில் சொல்லாமல் போனை வைத்தது மரியாதையில்லைதான். ஆனால் அப்போது பேசியிருந்தால் இதைவிட மரியாதையில்லாமல் பேசியிருப்பேன்.

நூதனசாலையில் அந்தக் கல்லின் முன்னால் நின்றோமே, அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். அப்பாவுக்குத் தலைவலி என்று, என்னை வெளியே கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பு உங்களிடம் வந்தது. காலியிலே 1911இல் ஒரு மதகின் மூடியாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்ட கல் அது. மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்தது. 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டு நாஞ்சிங்கில் சீனத்திலும் தமிழிலும் பாரசீகத்திலும் பொறிக்கப்பட்டது. இவையெல்லாம் எனக்குப் பின்னாளில் தெரிந்தவை. அன்று நான் கண்டது, கல்லுக்கு ஒரு சாண் தள்ளி விரலை நகர்த்திக்கொண்டே எழுத்தெழுத்தாக வாசித்த உங்களைத்தான். சிதைந்த வரிகளுக்கு நடுவே 'நாயனார்' என்ற சொல் பிடிபட்டதும் நீங்கள் சத்தமாகச் சிரித்துவிட்டீர்கள். அதைக் கேட்டுக் காவலாளி வந்தார். கல்லைத் தொட்டுவிட்டோம் என்று ஏசப்போகிறார் என நான் உங்கள் பாவாடையைப் பிடித்துக்கொண்டேன். அவரோ, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டார். எத்தனையோ காலமாக அந்தக் கல்லைக் காத்து நின்ற அந்த மனிதருக்கு, அதில் இருப்பதை அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

பள்ளிக்கூடத்துச் சிங்களத்தில் நீங்கள் சொன்னீர்கள்: சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது, தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற திருமாலைப் போற்றுகிறது, பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகிறது, மூன்று இடத்துக்கும் பொன்னும் வெள்ளியும் பட்டும் எண்ணெயும் காணிக்கையாக எழுதப்பட்டிருக்கின்றன. அவர் போய் அடுத்த கூடத்திலிருந்த ஒரு குடும்பத்தை அழைத்து வந்து, "தங்கச்சி, இவர்களுக்கும் சொல்லுங்கள்" என்றார். நீங்கள் மறுபடியும் முதலிலிருந்து சொன்னீர்கள். பிறகு கொப்பியைத் திறந்து, வாசிக்க முடிந்த வரிகளைப் பார்த்து எழுதினீர்கள். அவ்வளவு சந்தோஷமாக உங்களை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

அந்தக் கட்டடத்தைப் பற்றியும் இப்போது நிறையவே சொல்ல முடியும். ஆங்கிலேயத் தேசாதிபதி வில்லியம் கிரெகரியின் முயற்சியால் 1877 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது; வரைந்தவர் ஸ்மிதர்; கட்டி எழுப்பியவர் வாப்புச்சி மரைக்காயர். கிரெகரி என்ன வேண்டும் என்று கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடவேண்டும் என்பதை மட்டுமே மரைக்காயர் கேட்டார் என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. உள்ளே பொலன்னறுவையிலிருந்து வந்த வெண்கல நடராசர்கள் இருக்கிறார்கள்; நாயக்கர் வழிவந்த கடைசிக் கண்டி மன்னனின் சிம்மாசனம், 1934இல் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்தது, இருக்கிறது. எங்களுடையது என்ன கிடக்கிறது என்று நீங்கள் எப்படிக் கேட்கலாம் அக்கா?

ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டில் காட்டுக் கறுவாவைத் தோட்டப் பயிராக்கிய மண் அது. பட்டை உரித்தவர்கள், தங்கள் மூதாதையர் தென்னிந்தியாவிலிருந்து வந்ததாகத் தாங்களே சொல்லிக்கொண்ட மக்கள். கறுவா போய் மாளிகைகள் வந்தன. பான்ஸ், ஹோர்ட்டன், வோட், கிரெகரி, றொஸ்மிட் என்று தெருக்களெல்லாம் தேசாதிபதிகளின் பெயரை வாங்கிக்கொண்டன. ஆனால் அந்த ஹோர்ட்டன் பிளேசில்தான் சேர் பொன்னம்பலம் அருணாசலம் வாழ்ந்தார். பல்கலைக்கழகம் வேண்டுமென்று 1906இல் சங்கம் அமைத்தவர் அவர். 1921இல் சற்றுத் தள்ளி இருந்த டி சொய்சா குடும்பத்து மாளிகையில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது அவருடைய நெடுநாள் கனவு நிறைவேறியது. அதே 1921இல்தான், மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் இடம் என்று கொடுத்த வாக்கு காப்பாற்றப்படாததால், தாம் முதல் தலைவராக இருந்த இலங்கைத் தேசிய காங்கிரசை விட்டு அவர் வெளியேறினார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத்தான் இந்த நடை.

அவருடைய தமையனார் இராமநாதனின் வீடு வோட் பிளேசில் இருந்தது. 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு சிறைப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காக லண்டன் சென்று வாதாடித் திரும்பிய அவரை, துறைமுகத்திலிருந்து சிங்களப் பெரியவர்கள் தங்கள் கைகளாலேயே வண்டியை இழுத்து வீடு வரை கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்தத் தெருவில் நிற்கும்போது அடுத்ததாக 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக மூண்ட கலவரத்தைச் சொல்லாமல் நான் எப்படி நகர்வது? அது தொடங்கிய பொரளை மயானத்திலிருந்து அந்தத் தெரு எத்தனை தூரம் என்பது உங்களுக்குத் தெரியும்.

இங்கே நான் கவனமாக எழுதவேண்டும். நாங்கள் வாடகைக்கு இருந்த அனெக்ஸின் முன்வீட்டுக்காரரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இதை வாசிக்கக்கூடும். அன்றிரவு எந்தக் கதவு திறந்தது, எந்தக் கதவு திறக்கவில்லை என்பதை நான் எழுதப்போவதில்லை, நடையிலும் சொல்லப்போவதில்லை. வீட்டைச் சுட்டிக்காட்டவும் மாட்டேன். ஆனால் ஒழுங்கையில் நடப்பேன். தமிழ்க் குடும்பங்கள் இங்கே இருந்தன, ஒரே இரவில் இல்லாமற்போயின என்று சொல்வேன். இதற்கும் நீங்கள் கோபிப்பீர்களானால் கோபியுங்கள்.

கோபம் உங்களுக்கு மட்டும் உரியதில்லை அக்கா. இரத்மலானை அகதி முகாமிலிருந்து கப்பலில் காங்கேசன்துறை போனதோடு உங்களுக்குக் கொழும்பு முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. வேலைக்காகத் திரும்பி வந்தேன். அப்பாவின் கண்ணுக்கும் அம்மாவின் இருதயத்துக்கும் வைத்தியம் இங்கேதான் இருந்தது. குடும்பத்தின் பெயர்களைப் பொலிஸில் பதிந்து, சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டி, இந்தத் தெருக்களில் பயந்து பயந்து நடந்தேன். நீங்கள் மாதம் தவறாமல் பணம் அனுப்பினீர்கள், அந்தப் பணத்தில்தான் அப்பா பார்வை பெற்றார், அதை என்றைக்கும் மறக்கமாட்டேன். என்றாலும் இங்கே இருந்தவன் நான். இந்த ஊரைப் பற்றி என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்று முடிவெடுக்கும் உரிமை எனக்கும் உண்டு.

இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். சொல்வதால் நம்மவர்களில் சிலர் முகம் சுளிப்பார்கள் என்பதையும் அறிவேன். கின்சி டெரஸ் சந்திக்கு அருகே, 1999 ஜூலை 29 அன்று, தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் நீலன் திருச்செல்வம் விடுதலைப் புலிகளின் தற்கொலைக் குண்டால் கொல்லப்பட்டார். அந்த இடத்திலும் ஒரு நிமிடம் நிற்போம். எங்களுக்கு நடந்ததைச் சொல்ல உரிமை கேட்கிற நான், எங்களால் எங்களுக்கே நடந்ததை மறைத்துக்கொண்டு நடக்க முடியாது.

வருபவர்களில் பலர் அழகான கட்டடங்களைப் பார்க்கத்தான் வருவார்கள், அதில் தவறில்லை. 1928இல் திறந்த நகர மண்டபத்தின் வெள்ளைக் குவிமாடத்தின் கீழ் படம் எடுத்துக்கொள்வார்கள். பந்தயத் திடல் போர்க்காலத்தில் விமான ஓடுபாதையாகி, 1942 ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய விமானங்களை எதிர்க்கப் போர் விமானங்கள் அங்கிருந்து எழுந்த கதையைக் கேட்டு வியப்பார்கள். றொஸ்மிட் பிளேசில், 1956இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்த பிரதமர் பண்டாரநாயக்க 1959இல் சுடப்பட்ட வீடு இப்போது விடுதியாக இருக்கிறது. அதன் முன்னால் எவ்வளவு பேசுவது என்பதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நடுவில் இளைப்பாறும் இடம், நீங்கள் 'கிரீன் பாத்' என்றே அறிந்த தெரு. இப்போது அதற்குக் கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் பெயர். மர நிழலில், வேலியோரமாக ஓவியர்கள் படங்களைச் சாய்த்து வைத்து விற்கிறார்கள். உங்களுக்கு மிகவும் பிடிக்கும்.

கல்வெட்டைப் பார்த்து எழுதிய அந்தக் கொப்பி உங்களிடம்தான் இருக்கிறது. அன்றிரவு பள்ளிப் பையோடு அதையும் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அனுப்பாவிட்டாலும் நடை நிற்காது. கல்லின் முன்னால் நின்று என்னால் இயன்றதை வாசிப்பேன். டிசம்பரில் பிள்ளைகளோடு வருவதாக இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு எவரையும் சேர்த்துக்கொள்ளாமல் உங்களுக்காகவே வைத்திருப்பேன். அன்று ஒழுங்கைக்குள் திரும்புவதா, நேரே போவதா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

அன்புடன்,
தம்பி