காலி டேங்க்

கடலூர், மஞ்சக்குப்பம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சேகர்,

நேற்று போனில் நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதிலேயே இருக்கிறது. உன் மகள் கயலுக்கு, விமானம் பழுது பார்க்கும் ஹேங்கரில் எரிபொருள் டேங்க் பாதுகாப்புப் பயிற்சி என்றதும், "காலி டேங்க்குக்கு என்னடா இவ்வளவு பாடம்?" என்று கேட்டாய். போனில் பதில் சொன்னால் குறுக்கே பேசியே கொன்றுவிடுவாய். அதனால்தான் கடிதம்.

ஓ.டி. (பழைய நகர்) துறைமுகத்துப் பக்கம் இருந்த வெல்டிங் பட்டறை ஞாபகம் இருக்கிறதா? நாம் ஒன்பதாவது படித்த வருஷம். காலி டீசல் டிரம்மைத் தண்ணீர் பிடிக்க வெட்டித் தருகிறேன் என்று கேஸ் கட்டரை வைத்தார் மனுஷன். மூடி பறந்து போய் தகரக் கூரையில் செருகிக்கொண்டு நின்றது. உயிர் தப்பினார், ஒரு காது போனது போனதுதான். "நல்லவேளை, காலி டிரம்" என்று ஊரே சொன்னது. உண்மையில் காலியாக இருந்ததுதான் வினை. எரிவது எண்ணெய் இல்லை, அதன் ஆவி. அடியில் ஒட்டிய கொஞ்சம் டீசல், மேலே டிரம் நிறையக் காற்று, பக்கத்தில் கட்டரின் சூடு. வேறென்ன வேண்டும்?

1996 ஜூலை 17 அன்று நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குக் கிளம்பிய டி.டபிள்யூ.ஏ. என்ற அமெரிக்க நிறுவனத்தின் 800-ம் எண் விமானத்தில் நடந்ததும் இதேதான். பழைய போயிங் 747. அதன் நடு டேங்க்கில் ஏறத்தாழ 49,000 லிட்டர் பிடிக்கும்; அன்று இருந்தது சுமார் 190 லிட்டர். ஒரு டிரம்கூட இல்லை, பார்த்தாயா? அந்த டேங்க்குக்கு நேர் கீழே ஏசி இயந்திரங்கள். தரையில் நின்ற இரண்டு மணி நேரத்துக்கும் மேல் அவை ஓடி டேங்க்கைச் சூடேற்றிக்கொண்டே இருந்தன. விமான எரிபொருள் (அதுவும் மண்ணெண்ணெய் வகைதான்) 38 டிகிரியை ஒட்டியே தீப்பற்றும் அளவு ஆவி விடத் தொடங்கும். நம் ஊர் கத்திரி வெயில் போதும். புறப்பட்டுப் பன்னிரண்டு நிமிடத்தில் வெடித்தது. 230 பேர்.

தீப்பொறி எங்கிருந்து வந்தது என்று நான்கு வருஷம் விசாரித்தும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. டேங்க்குக்கு வெளியே எங்கோ ஒரு ஷார்ட் சர்க்யூட், அதன் மின்சாரம் எரிபொருள் அளவு காட்டும் மெல்லிய வயர் வழியாக உள்ளே போயிருக்க வேண்டும் என்பதுதான் 2000-ல் வந்த அறிக்கையின் முடிவு. வெடிப்பதற்குச் சுமார் இரண்டு நிமிடம் முன்னால், நான்காவது இன்ஜினுக்கு எரிபொருள் பாயும் அளவைக் காட்டும் மீட்டர் பைத்தியம் மாதிரி ஆடுகிறதே என்று கேப்டன் சொன்னது பதிவாகியிருக்கிறது. எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும். நான் ஹேங்கரில் வேலை பார்த்த காலத்தில், மீட்டர் ஆடுகிறது என்று என்னிடம் எத்தனை பேர் எழுதித் தந்திருக்கிறார்கள்!

அப்புறம்தான் 2001-ல் அமெரிக்காவில் விதி வந்தது. பொறியே வரக்கூடாது என்பதற்காக, இந்த வயரை அதனோடு சேர்த்துக் கட்டாதே, இந்த கிளாம்ப்பை மாற்றாதே என்று தொடக்கூடாதவற்றுக்குத் தனிப் பட்டியலே போட்டார்கள். கயல் 'சி.டி.சி.சி.எல்.' என்று சொல்வாளே, அது. 2008-ல் இன்னொரு விதி: ஆவியையே எரிய விடாமல் செய். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்து டேங்க்குக்குள் அனுப்பி, 21 சதவீதம் இருக்க வேண்டிய ஆக்சிஜனை 12-க்குக் கீழே கொண்டுவருகிறார்கள். தீக்கு மூச்சு முட்டும். ஆனால் உள்ளே போகும் ஆளுக்கும் மூச்சு முட்டும் என்பதைக் கயல் மறக்கக்கூடாது. காற்றோட்டம் விட்டு, மீட்டரில் ஆக்சிஜனும் ஆவியும் பார்த்து, வெளியே ஒருவரை நிறுத்திவிட்டுத்தான் தலையை நுழைக்க வேண்டும். அவசரம் என்று எந்த ஷிப்ட் இன்சார்ஜ் கத்தினாலும் சரி.

என் கதை ஒன்று. ஒரு தடவை இறக்கை டேங்க்குக்குள் ஊர்ந்து போய் (தோள் நுழைந்தால் இடுப்பு நுழையாது, இன்றைய தொப்பையோடு நினைத்தே பார்க்க முடியாது) டார்ச் அடித்துப் பார்க்கிறேன், ஒரு குழாயின் பாண்டிங் ஸ்ட்ராப் (மின்சாரத்தை விமான உடலுக்குக் கடத்தும் உலோகப் பட்டை) பளபளவென்று புதிதாக இருக்கிறது. போல்ட்டும் இறுக்கம். சந்தேகம் வந்து மில்லி ஓம் மீட்டர் வைத்தால் மின்தடை எகிறுகிறது. கழற்றினேன். எனக்கு முன் வேலை செய்த புண்ணியவான், துரு பிடிக்கக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் ஸ்ட்ராப் உட்காரும் இடத்துக்கும் சேர்த்துப் பெயிண்ட் அடித்திருந்தார். பெயிண்ட்டில் மின்சாரம் எங்கே போகும்? மின்னல் இறங்கினால் அந்த இடைவெளியைத் தாண்டிப் பொறியாகத்தான் குதிக்கும். சுரண்டி எடுத்து, திரும்பப் பூட்டி, அளந்து எழுதிவைத்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சோப்புப் போட்டும் மண்ணெண்ணெய் வாடை போகவில்லை, அன்று எனக்குத் திண்ணையில்தான் சாப்பாடு.

கயல் அடுத்த ஞாயிறு முத்தியால்பேட்டைக்கு வருகிறாள் என்றாயே, அப்படியே இங்கேயும் அனுப்பிவை. என் பழைய நோட்டுகள் இரண்டு பரணில் இருக்கின்றன, அந்தப் பெயிண்ட் விஷயத்தைப் படம் போட்டே வைத்திருக்கிறேன். நீயும் வந்தால் சங்கரா மீன் குழம்பு. வரும்போது பாண்டியிலிருந்து எனக்கு ஒரு நல்ல ரொட்டி வாங்கிவா, பேக்கரி எதுவென்று உனக்கே தெரியும்.

அன்புடன்,
ராஜா