வாண்டுமாமாவைத் திரும்பத் தந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும்,

2014 ஜூன் 12 அன்று சிறுவர் கதை எழுத்தாளர் வாண்டுமாமா மறைந்தார். செய்தியைப் படித்த அன்று இரவே எனக்கு அவருடைய கதை ஒன்றைப் படித்தாக வேண்டும் போலிருந்தது. வீட்டில் ஒன்றுகூட இல்லை. அவர் எழுதிய 'கோகுலம்', 'பூந்தளிர்' சிறுவர் இதழ்கள் எல்லாம் வீடு மாறியபோது பழைய பேப்பரோடு போய்விட்டன. ஓவியர் செல்லம் வரைந்த, அவருடைய படக்கதை நாயகன் பலே பாலுவின் முகம் கண்ணில் நின்றது. அவன் செய்த வம்புகளில் ஒன்றுகூட முழுதாக நினைவுக்கு வரவில்லை. அதுதான் அழ வைத்தது. மறுநாள் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்க ஆரம்பித்தேன்.

முதல் நன்றி நூலகர் அம்மாவுக்கு. இரண்டு அலமாரிகளைக் கலைத்துத் தேடித் தந்தீர்கள். "அப்படியே கௌசிகனையும் பாருங்க" என்று நீங்கள் சொல்லித்தான், அப்பா விரும்பிப் படித்த கௌசிகனும் நான் படித்த வாண்டுமாமாவும் ஒரே ஆள் என்று தெரிந்தது. 1925இல் அரிமழத்தில் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்தி. ஒரே வீட்டில் இரண்டு தலைமுறை ஒருவரையே படித்திருக்கிறோம், ஒருவருக்கொருவர் தெரியாமல். அப்பா இருந்திருந்தால் அன்றைக்கே ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன்.

அடுத்து, பைண்டு வால்யூம் தந்த ஐயாவுக்கு. உங்கள் அம்மா இதழிலிருந்து பிரித்தெடுத்துச் சேர்த்த தொடர்கதை அது. ஒவ்வொரு பகுதியின் ஓரத்திலும் மையால் எண் போட்டு, நூல் கோத்துத் தைத்திருக்கிறார். ஏழாம் பகுதி இருக்க வேண்டிய இடத்தில் கோடு போட்ட நோட்டுத் தாள்கள் நான்கு. அந்த இதழ் மட்டும் வீட்டுக்கு வரவில்லை, யாரிடமோ இரவல் வாங்கி இரவோடு இரவாக எழுதினார் என்றீர்கள். அடித்தல் திருத்தல் இல்லை. படம் இருந்த இடத்தில் கட்டம் போட்டு 'குகை வாசல், பையன் கையில் தீப்பந்தம்' என்று குறித்திருக்கிறார். அந்தத் தாள்களை மட்டும் எத்தனை முறை படித்தேனோ தெரியாது. பிள்ளைக்குக் கதை அறுந்துவிடக் கூடாதென்று ஓர் அம்மாவை இவ்வளவு பாடுபட வைத்தாரே, அதற்குமேல் வாண்டுமாமாவின் எழுத்தைப் பற்றி நான் என்ன சொல்ல? நூற்றுக்கும் மேலே புத்தகங்கள் எழுதினார். அறிவியல், வரலாறு என்று எதையும் விடவில்லை. ஆனாலும் 'தொடரும்' போடுகிற இடத்தில்தான் அவர் மன்னர்.

வால்யூமில் கடைசிப் பகுதி மட்டும் இல்லை. அதைத் தன் சேமிப்பிலிருந்து தேடி, பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து, நள்ளிரவு தாண்டி அனுப்பிய தம்பிக்கும் நன்றி. மங்கலாக விழுந்த ஒரு பக்கத்தை நான் கேட்காமலே மறுபடி எடுத்து அனுப்பினாய்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமைகளில் கதை கேட்க வந்த பிள்ளைகளுக்கு. ஏழாம் பகுதியில் படம் இல்லையே என்றதும், அந்தக் குகையை நீங்களே ஆளுக்கொன்றாக வரைந்து வந்தீர்கள். ஒருத்தி தீப்பந்தத்தைப் பையனின் தங்கை கையில் கொடுத்திருந்தாள்.

ஐயா, வால்யூமை இந்த வாரம் நேரில் கொண்டுவந்து தருகிறேன். பிள்ளைகளின் படங்களை ஏழாம் பகுதியோடு வைத்திருக்கிறேன். கடைசிப் பகுதியைக் கோடு போட்ட தாளில் நானே எழுதிச் சேர்த்திருக்கிறேன். ஓரத்தில் 22 என்று மையால் எண் போட்டாயிற்று. தைக்கவில்லை, அது உங்கள் கையால் நடக்கட்டும்.

அன்புடன்,
ஒரு வாசகி