கடலை மிட்டாய் பிடிபட்ட கதை

மஸ்கோகா, ஒன்டாரியோ
27 ஜூலை 2025, ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம். நான் இங்கே சுகம். நீங்கள், ஆச்சி, தங்கச்சி எல்லாரும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

அம்மா, முதலில் கோபத்தை இறக்கி வைத்துவிட்டுப் படியுங்கள். ஐந்து வாரமாகப் போன் பண்ணவில்லைதான். நான் வேலை செய்கிற இந்தப் பிள்ளைகள் முகாமில் சிக்னல் கிடையாது. சமையற்கட்டுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் ஏறி, குப்பைத்தொட்டிப் பக்கம் நின்று, போனைத் தலைக்கு மேலே தூக்கினால் ஒரு கோடு வரும். அந்த இடத்தில்தான் கரடி வருமென்று பலகையும் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் ‘நலம்’ என்று ஒற்றை வார்த்தை அனுப்பிவிட்டு இறங்கி ஓடி வந்தேன். சாக்குச் சொல்கிறான் என்று அப்பா சொல்வார். பாதி சாக்குதான்.

செல்வம் அண்ணனிடம் கொடுத்தனுப்பிய பை போன செவ்வாய்க்கிழமைதான் கைக்கு வந்தது. டொரன்டோவில் அவர் வீட்டிலேயே மூன்று வாரம் கிடந்து, காய்கறி லாரிக்காரர் கையில் ஏறி வந்து சேர்ந்தது. கருப்பட்டிக்கு அடியில், பேப்பருக்கும் ஓலைப்பெட்டிக்கும் நடுவே கடிதத்தை வைத்திருக்கிறீர்கள். தேடாமல் இருந்திருந்தால் எறும்புதான் படித்திருக்கும். தேதி ஜூன் 4 என்று போட்டிருந்தது.

இன்றைக்கு உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் ஒரு பொடியன். இங்கே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதி, அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தால்தான் சாப்பாட்டு அறைக்குள் விடுவார்கள். கடிதம்தான் டிக்கெட். முகாம் முடியும்வரை பிள்ளைகளுக்குப் போன் கிடையாது, அம்மா அப்பாவோடு பேச்சும் கிடையாது. ஒன்பது வயதுப் பையன் ஒருத்தன் வெறும் கவரை ஒட்டி எடுத்துக்கொண்டு வந்து மாட்டிக்கொண்டான். திரும்பிப் போய் எழுது என்று சொன்னதற்கு, தட்டு அடுக்கிக்கொண்டிருந்த என்னைக் கைகாட்டி, “அவர் அவங்க அம்மாவுக்கு எழுதினாரா?” என்று கேட்டுவிட்டான். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என்ன சொல்வது? எழுதுகிறேன் என்றேன்.

பையில் இருந்த கடலை மிட்டாய் என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். இந்த முகாமில் கடலை, முந்திரி, பாதாம் எதுவுமே கேட்டுக்கு உள்ளே வரக்கூடாது. சில பிள்ளைகளுக்குக் கடலை கொஞ்சம் உள்ளே போனாலே தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடுமாம். அதற்கென்று பேனா மாதிரி ஒரு ஊசியை இடுப்புப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறார்கள். எனக்கு அது தெரியும். பையைப் பிரித்த ஆசையில் மறந்துபோனேன். அறை வாசலில் உட்கார்ந்து பாதித் துண்டு கடித்த நேரத்தில் நர்ஸ் அம்மா அந்த வழியாக வந்தார். அதற்குப் பிறகு ஒரே களேபரம். கையுறை போட்டுக்கொண்டு பாக்கெட்டைத் தூக்கி இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, கேட்டுக்கு வெளியே நிற்கிற லாரிக்காரரின் வண்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். என்னைக் கை, முகம், பல் எல்லாம் கழுவி, சட்டையும் மாற்றி வரச் சொன்னார்கள். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு இப்படி ஒரு மரியாதை வேறு எங்கும் கிடைத்திருக்காது. மீதி இப்போது லாரிக்காரரிடம். அவர் ரொம்ப நன்றாக இருக்கிறதென்று சொல்லி அனுப்பினார். திரும்பி வராது என்று அர்த்தம்.

கருப்பட்டிக்குத் தடை இல்லை. அதை வைத்துத்தான் தலைமைச் சமையல்காரப் பாட்டியோடு எனக்குச் சிநேகம் ஆனது. அவர்களுக்கு எழுபது வயதுக்கு மேல். என்னைவிட வேகமாக நடப்பார்கள். காலையில் பான்கேக் என்று ஒரு தடித்த இனிப்புத் தோசை போடுவார்கள். அதன்மேல் மேப்பிள் பாகு ஊற்றித் தின்பது. முதல் நாள் வாயில் வைத்ததுமே பதநீர் காய்ச்சுகிற விடிலி வாசனை அடித்தது, அப்பா. நம்ம கூப்பனிப் பாகேதான், கொஞ்சம் இளசு. பாட்டியிடம் கேட்டேன். மார்ச் மாதம், ராத்திரி உறைந்து பகலில் உருகுகிற நாட்களில் மரத்தில் சின்னதாகத் துளை போட்டு நீரை இறக்குவார்களாம். நாற்பது லிட்டர் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு. நம்ம பதநீர் மாதிரி அப்படியே குடிக்க இனிக்காது, தண்ணீரில் விரலளவு சர்க்கரை போட்டதுபோல இருக்குமாம். மரம் ஏறவும் வேண்டாம், பாளை சீவவும் வேண்டாம். குளிரில் சீக்கிரம் புளிக்காததால் கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவுகிற வேலையும் இல்லை. தாத்தா கேட்டிருந்தால் ‘இதெல்லாம் ஒரு தொழிலால?’ என்றிருப்பார். நான் ஒரு சில்லுக் கருப்பட்டியை உடைத்துக் கொடுத்தேன். சுக்கு காரம் ஏறினதும் பாட்டிக்குக் கண்ணில் தண்ணீர். அடுத்த நாள் இன்னொரு துண்டு கேட்டார்கள்.

என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உணவுப் பிரிவில் இருக்கிறேன். நூற்றறுபது பிள்ளைகள், ஊழியர்கள் ஐம்பது பேர். நம்ம கோயில் அசன விருந்துக்கு முன்னால் இதெல்லாம் ஒரு கூட்டமே இல்லை, ஆனால் நாளுக்கு மூன்று வேளை. தட்டு கழுவுவதற்கு மெஷின் இருக்கிறது, மெஷினுக்குத் தட்டு எடுத்துக் கொடுக்கத்தான் ஆள் வேண்டும். சாப்பாடும் படுக்கையும் இலவசம். சம்பளம் கடைசியில் மொத்தமாகத் தருவார்கள். டொரன்டோவில் இருந்த அறையைக் காலி பண்ணிவிட்டேன். வாடகை கட்ட முடியாமல் இல்லை, இரண்டு மாதம் ஆளில்லாத அறைக்கு எதற்குத் தண்டம் என்றுதான். பெட்டி செல்வம் அண்ணன் வீட்டில் இருக்கிறது.

பக்கத்து அறைக்காரரைப் பற்றி எழுதாவிட்டால் இந்தக் கடிதம் நிறையாது. வள்ளங்களைப் பழுது பார்க்கிற கிழவர். ஜூலை மாதத்திலும் கம்பளிக் குல்லா. (சிரிக்காதீர்கள், ராத்திரி பத்து டிகிரிக்கு இறங்குகிறது, நானும் ஸ்வெட்டர் போட்டுத்தான் எழுதுகிறேன்.) ஆறு வாரத்தில் என்னோடு பேசினது மொத்தம் நாலைந்து வாக்கியம் இருக்கும். ஆனால் விடிந்ததும் படியில் உட்கார்ந்து சிப்மங்க்கோடு பேசுவார். அது நம்ம அணில் மாதிரியே முதுகில் கோடு போட்டது, கன்னத்திலும் கோடு உண்டு. அவர் உள்ளங்கையில் ஏறி, சூரியகாந்தி விதையை வாய்க்குள் திணித்துத் திணித்து, கூகைக்கட்டு வந்த பிள்ளை மாதிரிக் கன்னம் இரண்டும் வீங்கி ஓடும். ஒரு நாள் காலையில் என் வாசலில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் இருந்தது. யார் வைத்தது என்று கேட்டேன். என் பழைய ஷூவைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். எனக்கு ஷூ இல்லாமல் இல்லை அம்மா. பாத்திரம் கழுவுகிற இடத்தில் தண்ணீர் தேங்குகிறது, அவ்வளவுதான். பூட்ஸ் அளவு சரியாக இருக்கிறது.

அப்பாவுக்குப் பிடித்த சங்கதி ஒன்று. நம்ம ஊரில் மே மாதம் நடக்கிற வி.பி.எஸ்., அந்த விடுமுறை வேதப் பள்ளி இருக்கிறதே, வண்ணத்தாள் கொடியும் ரஸ்னாவும் கடைசி நாள் ஊர்வலமுமாக, அது 1898-இல் நியூயார்க்கில் ஹாவ்ஸ் என்ற அம்மாள் தெருப்பிள்ளைகளுக்காகத் தொடங்கினதாம், அதுவும் ஒரு பீர்க் கடைக் கூடத்தை வாடகைக்குப் பிடித்து. நம்ம சேகரத்துப் போதகர் ஐயரிடம் சொல்லுங்கள், கமிட்டிக் கூட்டத்தில் ஒரு வாரத்துக்குப் பேச்சு ஓடும். இந்தத் தங்குமுகாம் வழக்கம் அதற்கும் முந்தினது. வொய்.எம்.சி.ஏ.க்காரர்கள் 1885-இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கின டட்லி முகாம் இன்றைக்கும் நடக்கிறது. இன்னொன்று, போன வாரம் இங்கே தேவசெய்தி கொடுத்தவர் சொன்னது. 1868-இல் வேல்ஸில் லாண்டட்னோ கடற்கரையில் ஜோசையா ஸ்பையர்ஸ் என்ற வாலிபர் ‘தேவன் அன்பாகவே இருக்கிறார்’ என்று மணலில் எழுதி, பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கூழாங்கல்லும் சிப்பியும் பதிக்கச் சொன்னாராம். ஸ்கிரிப்சர் யூனியனுடைய சிறுவர் ஊழியம் அப்படித்தான் கடற்கரைக்கு வந்தது. செய்தி முடிந்ததும் இவர்களும் ஏரிக்கரையில் எழுதினார்கள். இங்கே சிப்பி ஏது, பைன் மரத்துக் காய்களை அடுக்கினார்கள். அன்று ராத்திரியே ரக்கூன்கள் வந்து கலைத்துப் போட்டுவிட்டன.

மற்றபடி எல்லாம் மணிக்கணக்கு. காலையில் தனி ஜெபம், பிறகு பாட்டு, வேதபாடம், நீச்சல், அம்பு எய்தல், வள்ளம். நீச்சலுக்குப் பிள்ளைகளை ஜோடி ஜோடியாகத்தான் இறக்குவார்கள். திடீரென்று விசில் ஊதினால் ஜோடி ஜோடியாகக் கையைக் கோத்துத் தூக்கிக் காட்ட வேண்டும். எண்ணிக்கை சரியாக வந்த பிறகுதான் மறுபடி நீந்தலாம். இறங்குமுன் எனக்கும் நீச்சல் பரீட்சை வைத்தார்கள். நம்ம பனைவிளைக் கிணற்று நீச்சலை ஒரு தரம் காட்டினேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்ததைப் பார்த்ததும் எனக்கும் மிதவைச் சட்டை மாட்டிவிட்டார்கள்.

இப்படி ஒரு வாரம் இருக்க ஒரு பிள்ளைக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆகிறது. கட்ட முடியாத பிள்ளைகளுக்குச் சபைகள் பணம் சேர்த்து அனுப்புகின்றன. அப்படி வந்த பிள்ளை எது என்று சமையற்கட்டில் எங்களுக்குத் தெரிந்துவிடும். இரண்டாம் தடவை கேட்காது, தட்டை வழித்துத் தின்னும்.

அந்த வெறுங்கவர்ப் பையன் முதல் மூன்று நாள் எதுவுமே தின்னவில்லை. ராத்திரி ஏரியில் லூன் என்று ஒரு பறவை கூப்பிடும், இவர்களுடைய ஒரு டாலர் காசில் இருக்கிறதே, அதுதான். இழவு வீட்டில் தூரத்துச் சொந்தக்காரி படியேறும்போது ஒரு சத்தம் வருமே, அதே சத்தம். அதைக் கேட்டு அழுதிருக்கிறான். ‘அம்மாவுக்குப் போன் போட்டுத் தருகிறேன்’ என்று யாரும் அவனிடம் சொல்லிவிடக்கூடாது, அதுதான் இங்கே முதல் சட்டம். சொல்லிவிட்டால் அந்த நிமிஷத்திலிருந்து அவன் போனுக்காகவே காத்திருப்பானாம். பாட்டி வேறு ஒரு வழி கண்டார்கள். சாப்பாட்டு மணியை அடிக்கிற வேலையை அவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது ஏழரை மணிக்கெல்லாம் வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், நம்ம கோயிலில் மணியடிக்கிற கோயில்குட்டி மாதிரி, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு. மணி அடித்த கையோடு சாப்பிடவும் செய்கிறான்.

முந்தின முகாமின் கடைசி ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு குச்சியைத் தீயில் போட்டு ஒரு சாட்சி சொல்ல வேண்டும். சமையற்கட்டு ஆட்களையும் கூப்பிட்டார்கள். எனக்கு இங்கிலீஷில் ஒன்றும் வரவில்லை. என் பாஷையிலேயே சொல்லலாமா என்று கேட்டுவிட்டு, வி.பி.எஸ்.ஸில் அம்மா சொல்லிக்கொடுத்த 121-ஆம் சங்கீதத்தைத் தொடங்கினேன். பரிசாக எவர்சில்வர் டம்ளர் வாங்கின அதே சங்கீதம். நிழல் வருகிற வசனம் வரைக்கும் ஓடிற்று. அதற்குமேல் வாய் வரவில்லை. நம்ம வீட்டுத் திண்ணையில், மத்தியான நேரம், ஆச்சி வெற்றிலை இடிக்கிற சத்தம், வேப்பமர நிழல் சுவரில் ஏறி நிற்கிறது, நீங்கள் முறத்தோடு உட்கார்ந்து ‘அடுத்து என்னல?’ என்று கேட்கிறீர்கள். எனக்கு அடுத்தது தெரியவில்லை அம்மா. அப்படியே நின்றேன். பிள்ளைகள் முடிந்துவிட்டது என்று நினைத்து ஆமென் சொல்லிவிட்டார்கள். புகை கண்ணில் பட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

தங்கச்சி கல்யாணம் ஜனவரியில் என்று எழுதியிருக்கிறீர்கள். மாப்பிள்ளை வீட்டார் பேசினதை எல்லாம் பெரிய அத்தானை வைத்து ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு பிறகு ஆளுக்கொன்றாக மாறும். கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமையை எனக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். வருவேனா என்று இப்போது கேட்காதீர்கள், டிக்கெட் விலை டிசம்பரில் ஏறும், இறங்கும்.

பனைவிளையைப் பெரியப்பா விலைக்குக் கேட்கிறார் என்று எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. என்னுடைய செப்டம்பர் படிப்புக் கட்டணத்துக்காக அதை விற்க வேண்டாம். கட்டணத்துக்கு வழி பண்ணிவிட்டேன். என்ன வழி என்று அப்பா கேட்பார். பண்ணிவிட்டேன், அவ்வளவுதான். பனை நாற்பதும் நின்றால் நிற்கட்டும், ஏற ஆளில்லாவிட்டாலும் பரவாயில்லை. அம்மாவுடைய செயினையும் இப்போதைக்கு மீட்க வேண்டாம், வட்டியை மட்டும் ஆகஸ்டுக்குள் கட்டிவிடுங்கள். செப்டம்பர் முதல் வாரம் நான் அனுப்புகிறேன்.

அப்பா கண் ஆபரேஷனைத் தள்ளிப் போடக்கூடாது. மழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள். ஆச்சிக்குப் புதுப் போர்வை ஒன்று வாங்குங்கள், நான் வாங்கச் சொன்னதாகச் சொல்லுங்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் என் பெயரில் ஏதாவது எடுங்கள். முருங்கைக்காய்க் கட்டு போதும், சேவலுக்குப் போய் நிற்காதீர்கள், போன வருஷம் மாதிரி சித்தப்பா விலையை ஏற்றிவிட்டு வேடிக்கை பார்ப்பார்.

செல்வம் அண்ணன் வீட்டு அக்கா செப்டம்பரில் ஊருக்கு வருகிறார்கள். கடலை மிட்டாய் வேண்டவே வேண்டாம். எள்ளும் ஆகாதாம், கேட்டுவிட்டேன். எள் சேர்க்காமல் முந்திரிக்கொத்து சுட்டு அனுப்புங்கள், பாட்டிக்கும் கிழவருக்கும் செல்வம் அண்ணன் மூலம் கொடுத்துவிடலாம். அதில் இருப்பது பாசிப்பயறும் கருப்பட்டியும் தேங்காயும்தான் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். பொட்டலத்தின் மேல் மட்டும் தங்கச்சியை விட்டு இங்கிலீஷில் பெயர் எழுத வைத்துவிடாதீர்கள். முந்திரி என்ற வார்த்தையைப் பார்த்ததும் நர்ஸ் அம்மா மறுபடி கையுறையை மாட்டிக்கொள்வார்.

உங்கள் அன்பு மகன்,
சாமுவேல்