சிவப்புக் குச்சி

பாளையங்கோட்டை,
ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு

அன்புள்ள ரூபி,

எட்டு மாதமாகிறது. சேர்த்து வைத்திருக்கும் திட்டையெல்லாம் முதலில் திட்டி முடித்துவிடு. நீ போட்ட இரண்டு கடிதமும் வந்தன, பனங்கற்கண்டு வந்தது, கிறிஸ்துமஸ் கார்டும் வந்தது. நீ போனில் கூப்பிடும்போதெல்லாம் "அத்தைக்கு மருந்து கொடுக்கணும், அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். மருந்து கொடுத்தது உண்மைதான். அதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது என்பது உனக்கும் தெரியும்.

காரணம் இருக்கிறது, சொல்கிறேன். அதற்கு முன்னால் வழக்கமான விசாரிப்பை முடித்துவிடுவோம். இங்கே எல்லோரும் சுகம். இவருக்குச் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது, கோபமும் கூடவே. ஷீபாவின் சின்னவள் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்துவிட்டாள். பெயர் வைத்ததில் வந்த மனஸ்தாபத்தை எழுத்தில் வைக்க முடியாது, நேரில் சொல்கிறேன். உன் மூட்டு வலி எப்படி? நான் அனுப்பிய எண்ணெயைத் தேய்க்கிறாயா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா? நம் ஜெபராணி வீடு மாற்றியது தெரியுமா? மாடிக்குத்தான் போயிருக்கிறாள். நீயும் நானும் இனிமேல் அவளைப் பார்த்த மாதிரிதான்.

சரி, லேஸுக்கு வருகிறேன். நீ தலையில் அடித்துக்கொள்வது இங்கே கேட்கிறது.

உங்கம்மா காரியம் எல்லாம் முடிந்த அன்று அந்தப் பிஸ்கட் டின்னை என் மடியில் வைத்து, "இங்க யாரும் தொடமாட்டாங்க, நீயாவது வச்சுக்கோ" என்றாய். உங்கம்மா லேஸ் பின்ன நூல் சுற்றி வைக்கிற பாபின்கள். இரண்டு பேருமாக எண்ணினோம், 40 ஜோடி. பாபின் என்றால் தையல் மிஷின் சமாச்சாரம் மாதிரி இருக்கிறது. உங்கம்மா சொன்னபடி நானும் குச்சி என்றே சொல்கிறேன். இவள் எங்கே பின்னப் போகிறாள் என்றுதான் நீ நினைத்திருப்பாய். எனக்கும் அதே நினைப்புதான். பதினேழு வயதில் உங்க வீட்டுத் திண்ணையில் அம்மா என்னைப் பிடித்து உட்கார வைத்தபோது கால் மணி நேரத்தில் எழுந்து ஓடியவள் நான். அன்றைக்கு அவர்கள் சொன்ன அந்தக் "கயிறு" வசனத்தை நீ இன்னும் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டு திரிகிறாய் என்று கேள்விப்பட்டேன். இருக்கட்டும்.

ஆனால் ஏளா ரூபி, இது இப்படி ஆளைப் பிடித்து ஆட்டும் என்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லையே! மொத்தமே இரண்டு அசைவுதான். நாலு குச்சியை எடு. நடுவில் இருக்கும் இரண்டையும் இடம் மாற்று. அப்புறம் ஒவ்வொரு ஜோடியிலும் வலது குச்சியை இடதின் மேல் தூக்கிப் போடு. மாற்று, முறுக்கு. திண்டின் மேல் விரித்த அட்டையில் துளை இருக்கிற இடத்தில் குண்டூசியைக் குத்து, அடுத்த ஜோடிக்குப் போ. இந்த இரண்டே அசைவில் இலை வருகிறது, வலை வருகிறது, எட்டுக் காலோடு சிலந்தி வருகிறது. பாதியில் ஒரு குச்சி தப்பான பக்கம் போய்விட்டால் அது உடனே தெரியாது. நாலு விரற்கடை தாண்டித்தான் தெரியும். பிறகு ஊசி ஊசியாகப் பிடுங்கிக்கொண்டு பின்னால் போக வேண்டும். முதல் வருஷம் நான் பின்னியதைவிடப் பிரித்ததுதான் அதிகம்.

எனக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு அங்குலம் வந்தால் அன்றைக்குத் திருநாள். இவர் ஒரு நாள் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டு, "இதே மாதிரி கடையில மீட்டர் இருபது ரூபாய்க்குத் தொங்குதே" என்றார். ரூபி ஊர்க் கோவிலையே 1847-இல் ஆரம்பித்து 1880-இல்தான் முடித்தார்கள், 33 வருஷம், என் மேசை விரிப்புக்கும் அந்தச் சலுகை உண்டு என்றேன். அதிலிருந்து வீட்டில் யார் எதில் தாமதம் செய்தாலும் "இடையன்குடி கணக்கு" என்கிறோம். உங்க ஊரைச் சொல்வதற்கு மன்னித்துக்கொள்.

கோவிலைச் சொன்னதும் இன்னொன்று. கால்டுவெல் ஐயர் வீட்டம்மா எலைசாதான் உங்க ஊருக்கு லேஸைக் கொண்டுவந்தார் என்று ஹாஸ்டலில் இருந்தே நமக்குத் தெரியும். எலைசாவின் அம்மா மார்த்தா மால்ட் 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்து, அங்கே பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு லேஸ் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பெண்களில் சிலர் அடிமைகள். லேஸ் விற்ற காசைச் சேர்த்து எசமானுக்குக் கட்டித் தங்களைத் தாங்களே மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறையைச் சட்டம் போட்டு ஒழித்தது 1855-இல்தான், அதற்கு எத்தனையோ வருஷம் முன்னால் நடந்தது இது. துரைசாணி கழுத்துப்பட்டிக்குப் பின்னிய லேஸ் என்று நாம் எவ்வளவு கேலி பேசினோம், ஞாபகம் இருக்கிறதா? இப்போது ஒரு அங்குலம் என்றால் என்ன என்று என் முதுகுக்குத் தெரியும். ஒரு பெண்ணின் விலை எத்தனை அங்குலம் என்று ஒரு ராத்திரி மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தேன். முடிக்கவில்லை, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

திண்டைத் தூக்கிக்கொண்டு எல்லா இடத்துக்கும் போக முடியாது. அதனால் வெளியே போகும்போது டாட்டிங், முடிச்சு முடிச்சாகப் போடுகிற லேஸ். உள்ளங்கை அளவு படகு மாதிரி ஒரு ஷட்டில், ஒரு உருண்டை நூல், கைப்பையில் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் அடங்கிவிடும். அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஒரு கைக்குட்டை விளிம்பை முடித்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் "வலையா? மீன் பிடிக்கவா?" என்று கேட்டாள். ஆமாம், சின்ன மீன் என்றேன்.

ஆனால் ஷீபா பிள்ளையின் ஞானஸ்நான கவுனுக்கு டாட்டிங் போதாது, உங்கம்மா குச்சியில்தான் பின்னுவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். கீழ்விளிம்புக்கு இரண்டு மீட்டர். போன ஜூனில் சென்னைக்கு ரயில் ஏறும்போது இன்னும் ஒரு சாண் பாக்கி. எனவே திண்டும் கூடவே வந்தது. நான், இவர், அத்தை, லீவுக்கு இங்கே வந்திருந்த பேரன் எபின், திண்டு. "அதுக்கும் டிக்கெட் எடுத்தியா?" என்று இவர் மதுரை வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார்.

திண்டில் 12 ஜோடி ஓடிக்கொண்டிருந்தது, மிச்சம் டின்னில். உங்கம்மா கழுத்தில் சிவப்புச் சாயம் பூசி வைத்த ஒரு ஜோடி இருந்ததே, நினைவிருக்கிறதா? மற்றவை எல்லாம் அப்படியே தொங்க, குறுக்கே இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடுகிற ஜோடி. மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அது எங்கே இருக்கிறது என்று தேடக் கூடாது என்பதற்காகச் சிவப்பு. அதற்கு அப்போதுதான் புது நூல் சுற்ற டின்னில் எடுத்து வைத்திருந்தேன். எபின் டின்னை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் கம்பியில் குச்சியால் தாளம் போட்டுக்கொண்டு வந்தான். காலையில் தாம்பரத்தில் இறங்கும்போது எண்ணினேன். 39 ஜோடி.

ஐந்து வயதுப் பிள்ளையை நான் பேசிய பேச்சை உனக்கு எழுத மாட்டேன். நான் எறியலை பாட்டி, எறியலை பாட்டி என்று ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தான். சாதாரணக் குச்சி ஜோடியை வைத்தே பின்னல் முடிந்தது, கவுனும் நன்றாகத்தான் இருந்தது, போட்டோவில் நீயும் பார்த்தாய். "அம்மா குச்சியிலயா பின்னினே?" என்று கேட்டு எழுதியிருந்தாய் பார், அந்தக் கடிதத்துக்குத்தான் எட்டு மாதமாகப் பதில் போட முடியவில்லை.

போன மாதம் சபையில் பென்ஷன்காரர்கள் எல்லாம் சேர்ந்து இலங்கை போனார்கள், நாங்களும் போனோம். மதுரையிலிருந்து பறந்தால் கொழும்பு பக்கத்து வீடு மாதிரி இருக்கிறது. அங்கிருந்து காலி நகரத்துக்குக் கடலோர ரயில். சில இடத்தில் அலை நம் செருப்புக்குப் பக்கத்தில் வருகிறது. கோட்டைக்குள் எல்லோரும் கலங்கரை விளக்கத்தைப் பார்க்கப் போக, நான் ஒரு வாசலில் நின்றுவிட்டேன். ஒரு அம்மாள் திண்டுக்கு முன்னால் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார். நம் திண்டு மாதிரி இல்லை. நடுவில் உருளை ஒன்று சுழல்கிறது, பின்னப் பின்னச் சுற்றிக்கொண்டே போகலாம். நம்மைப் போல இறக்கிக் குத்துகிற தலைவலி இல்லை. அந்தக் குச்சிக்கு அங்கே பீரளு என்று பெயர். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. என் பையிலிருந்த துண்டு லேஸைக் காட்டினேன். தொட்டுப் பார்த்துவிட்டு "ரேந்த" என்றார்.

ரூபி, ரேந்தை! லேஸுக்கு உங்கம்மாவும் நம்ம வார்டனும் மட்டும் சொல்லிக் கேட்ட சொல், நாம் கிழவி பாஷை என்று சிரித்த சொல். போர்த்துகீசியர் கடற்கரை கடற்கரையாக ஜன்னலையும் சாவியையும் விட்டுப் போன மாதிரி இதையும் விட்டுப் போயிருக்கிறார்கள். அதற்கப்புறம் பேச்சுக்குக் குறைவே இல்லை. கோட்டைக்குள் தமிழ் பேசுகிற முஸ்லிம் குடும்பங்கள் உண்டு, எதிர்க்கடைப் பையன் வந்து இரண்டு பக்கமும் சொல்லிக் கொடுத்தான். கடைசியில் அந்த அம்மாள் எழுந்து என்னை உட்காரச் சொன்னார். ஆறு ஊசி பின்னினேன். அதே மாற்று, அதே முறுக்கு. ஆறாவதில் தப்புப் போட்டதும் அவர் என் கையைத் தட்டிவிட்ட விதம் அச்சு அசல் உங்கம்மா. மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் வரவில்லை என்று பஸ்ஸில் 22 பேர் காத்திருந்தார்கள். இவர் கண்டி வரைக்கும் என்னோடு பேசவில்லை.

உனக்குத் தெரியாமல் ஈடுகட்டிவிடலாம் என்று அங்கே இரண்டு பீரளு வாங்கி வந்தேன். ஒத்துவரவில்லை. உங்கம்மா குச்சியைவிடக் கனம். நூலை இழுத்துப் பிடிப்பதே குச்சியின் கனம்தானே, ஒன்று மட்டும் கூடுதலாக இழுத்தால் அந்தப் பக்கம் லேஸ் சுருங்குகிறது. சிவப்புச் சாயமும் பூசிப் பார்த்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.

இன்னும் முக்கியமானது இருக்கிறது. அத்தைக்கு இப்போது 84. போன வருஷத்துக்கு இந்த வருஷம் மறதி நிறைய. சில நாள் என்னைத் தன் தங்கை என்று நினைத்துப் பேசுகிறார்கள். ஆனால் குச்சியில் நூல் சுற்றக் கொடுத்தால் ஒரு மணி நேரம் அசையாமல் இருக்கிறார்கள், சுற்றும் இறுக்கமாக, வரிசையாக இருக்கிறது. முடித்துக் கொடுத்துவிட்டு "யாருக்கு?" என்பார்கள். ஷீபா பிள்ளைக்கு என்பேன். "ஷீபாவுக்குக் கல்யாணம் ஆயிட்டா?" சில நாள் ஆகிவிட்டது என்கிறேன். ரொம்பக் களைப்பாக இருக்கிற அன்றைக்கு, இல்லை, பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்கிறேன்.

போன வியாழக்கிழமை அவர்கள் சுருக்குப்பையைத் துவைக்க எடுத்தேன். ராத்திரி தலைமாட்டில் வைத்துத்தான் படுப்பார்கள், யாரையும் தொட விடமாட்டார்கள். காணிக்கைச் சில்லறை, ஒரு மருந்துச் சீட்டு, காய்ந்த வெற்றிலை. அடியில் உங்கம்மாவின் சிவப்புக் குச்சி. ஒன்றுதான். அதில் கழுத்து வரைக்கும் நூல் சுற்றியிருந்தது. என் நூல் இல்லை, அவர்கள் பழைய சேலை முந்தியில் உருவிய நூல். ரயிலில் நான் தூங்கிக்கொண்டிருந்தபோது எடுத்திருக்க வேண்டும். இன்னொன்றை வீடு முழுக்கத் தேடியாகிவிட்டது, அரிசிப் பானை உட்பட.

எபினிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். "நான்தான் அப்பவே சொன்னேன்ல" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொண்ணு எங்க பாட்டி?" என்றான்.

குச்சியைக் கழுவித் துடைத்து டின்னில் போட்டுவிட்டேன். அன்று ராத்திரி அத்தை தூங்கவே இல்லை. பையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு, எதைத் தேடுகிறோம் என்று சொல்லவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு மணிக்கு நான் எழுந்து போய் டின்னைத் திறந்து அதை எடுத்து, திரும்பப் பைக்குள் போட்டுக் கையில் கொடுத்தேன். அப்படியே படுத்துவிட்டார்கள்.

ஆக, கணக்கு இதுதான். என்னிடம் 39 ஜோடி, அத்தை சுருக்குப்பையில் ஒன்று, ஒன்றைக் காணோம். அத்தையிடம் இருப்பது உங்கம்மாவுடையது, அதனால் உன்னுடையது. வேண்டும் என்றால் வந்து நீயே அவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள். மூட்டு வலிக்கு எங்கள் வீடு தரைத்தளம்தான்.

வரும்போது பனங்கற்கண்டு கொண்டு வா, தீர்ந்துவிட்டது.

உன்
கிரேஸ்