ஓ, யூ, ஜி, ஹெச்

அன்புள்ள சேது,

உன் கடிதம் வந்து நாலு மாதம் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மருமகள் போனில் சொன்னாள். சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம்.

எழுத வந்த விஷயம் வேறு. போன வாரம் பேத்தி பள்ளியிலிருந்து முகம் வாடி வந்தாள். வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொன்னபோது 'த்ரூ' என்பதை 'த்ரஃப்' என்று வாசித்துவிட்டாளாம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். "ரஃப், டஃப், இனஃப் எல்லாம் ஃப்-ல முடியுது. இது மட்டும் ஏன் தாத்தா அப்படி இல்லை? இனிமே நான் வாசிக்க மாட்டேன்" என்றாள். முப்பத்தொரு வருஷம் ஆங்கிலம் நடத்தியவனுக்குப் பதில் வரவில்லை. "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு" என்று குடை வாத்தியார் நமக்குச் சொன்னதுதான் நாக்கு நுனியில் நின்றது. நீயாக இருந்தால் அதையே சொல்லியிருப்பாய், தெரியும்.

அன்று ராத்திரி அகராதியை எடுத்துவைத்து, அவள் சொன்ன சொற்களிலெல்லாம் இருக்கிற ஓ-யூ-ஜி-ஹெச் (ough) வரும் சொற்களை எழுத ஆரம்பித்தேன். தோ (ஆனாலும்), த்ரூ, ரஃப், காஃப் (இருமல்), பவ் (மரக்கிளை), தரா (முழுமையான). எழுத்து அதே நாலு, ஓசை ஆறு! அப்புறம் நாம் பாடத்தில் பார்த்தேயிராத பழஞ்சொற்கள் வந்தன. 'க்ளஃப்' என்றால் வட இங்கிலாந்தில் மலையிடுக்குப் பள்ளம். மரக்கிளைகளில் காற்று உரசும் ஓசை 'ஸவ்'. அதே எழுத்தை டெர்பிஷயர் ஈயச் சுரங்கத்துக்காரர்கள் 'ஸஃப்' என்பார்கள், சுரங்கத்துத் தண்ணீரை வடிக்க வெட்டிய கால்வாய்க்கு. 'ஸ்லவ்' சேற்றுக்குழி. அதையே 'ஸ்லஃப்' என்றால் பாம்பு கழற்றிப்போட்ட சட்டை. 'லஃப்பரா' என்று ஓர் ஊர் இருக்கிறது. அதில் இந்த நாலெழுத்தும் இரண்டு தடவை வருகிறது, இரண்டுக்கும் ஓசை வேறு.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'சஃப்'. சிவந்த அலகும் சிவந்த காலும் உள்ள காக்கை இனப் பறவை, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிற கார்ன்வாலின் சின்னம். அங்கே 1947-க்குப் பிறகு குஞ்சே பொரிக்கவில்லை. 1973-இல் கடைசிப் பறவையும் செத்துப்போயிற்று. 2001-இல் யாரும் கொண்டுவந்து விடாமல், தானாகவே சில பறவைகள் திரும்பி வந்தன. மறு வருஷமே குஞ்சு பொரித்தன. நம் இமயமலையிலும் இது உண்டு, தெரியுமா?

சரி, காரணத்துக்கு வருகிறேன். அந்த ஜி-ஹெச் ஒரு காலத்தில் வாயால் சொன்ன ஒலிதான். தொண்டையில் காற்று உரசி வரும். 'பகல்' என்று சொல்லும்போது நடுவில் வருகிற க இருக்கிறதே, அதில் உரசலைக் கூட்டிக் குரலை எடுத்துவிட்டால் கிட்டத்தட்ட அதுதான். ஸ்காட்லாந்துக்காரர்கள் ஏரியைச் சொல்லும் சொல்லிலும் ஜெர்மானியர் மகளைச் சொல்லும் சொல்லிலும் இன்னும் உயிரோடிருக்கிறது. 1066-இல் பிரான்ஸிலிருந்து நார்மன்கள் வந்து இங்கிலாந்தைப் பிடித்த பிறகு வந்த எழுத்தர்கள் அதை ஜி-ஹெச் என்று எழுதப் பழக்கினார்கள். போகப்போக ஒலி சில சொற்களில் அடியோடு மறைந்தது, சிலவற்றில் ஃப் ஆயிற்று. அது ஒரு நிலைக்கு வருமுன்பே, 1476-இல் இங்கிலாந்தின் முதல் அச்சுக்காரர் காக்ஸ்டன் அச்சுக்கூடம் வைத்துவிட்டார். அச்சில் ஏறிய எழுத்து பழையபடியே தங்கிவிட்டது. விக்கலுக்கு 'ஹிக்கப்' என்ற சொல்லைக்கூட, இருமலோடு தொடர்பு என்று தவறாக நினைத்து இந்த நாலெழுத்தில் எழுதியிருக்கிறார்கள்.

சேது, 1989-இல் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் 'பவ்' என்பதை 'பஃப்' என்று வாசித்தான். முட்டி போட வைத்தேன். பீரியட் முடியும் வரைக்கும். தெரிந்த மூன்று சொற்களிலிருந்து ஒரு விதியை எடுத்து நாலாவதற்குப் போட்டவன் அவன். புத்தி உள்ள பிள்ளைதான் அப்படி வாசிக்கும். அவனுக்கு இப்போது ஐம்பது வயதாகியிருக்கும். அவன் முகம் நினைவிருக்கிறது, பேர் மறந்துவிட்டது. அதுதான் இந்த ஒரு வாரமாக உறுத்துகிறது. உனக்கு ஞாபகம் இருந்தால் எழுது. எங்கே இருக்கிறான் என்று விசாரிக்க வேண்டும்.

பேத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்போ நான் வாசிச்சது பாதி சரிதானே?" என்றாள். ஆமாம் என்றேன். நேற்று திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பேரும் அந்தப் பழைய ஒலியைத் தொண்டையில் உரசி உரசிச் சொல்லிப் பார்த்தோம். உள்ளேயிருந்து அவள் பாட்டி இருமல் மருந்தோடு ஓடி வந்துவிட்டாள்.

உன் தடி அகராதியில் 'ஓ-யூ-ஜி-ஹெச்' சொல் இன்னும் ஏதாவது அகப்பட்டால் எழுதி அனுப்பு. நெட்டையனைப் பார்த்தால் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமு